இமயத்தைப் பார்க்க எந்த ஜன்னல்? விமான இருக்கைத் தேர்வுக்கான முழுமையான வழிகாட்டி

டெல்லியிலிருந்து குவாஹாட்டிக்கு முதன்முறை பறந்தபோது கூடுதல் கட்டணம் செலுத்தி 7எஃப் இருக்கையை வாங்கினேன். ஜன்னலோரம், இறக்கைக்கு முன்னால், காலை விமானம், நவம்பர் மாதம் என எல்லாம் சரியாகவே அமைந்திருந்தன, பக்கம் ஒன்றைத் தவிர. புறப்பட்டு ஒரு மணி நேரம் கடந்ததும் இடப்பக்கம் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஜன்னலை நோக்கிச் சாய்ந்து, கைபேசியை எடுத்து, பேச்சை நிறுத்தினார்கள். என் ஜன்னலில் பிகார் சமவெளியின் மேல் படிந்திருந்த சாம்பல் நிற மூட்டம் மட்டுமே தெரிந்தது. எவரெஸ்ட்டுக்கும் எனக்கும் நடுவில் ஐந்து பயணிகளும் ஒரு நடைபாதையும் இருந்தார்கள்.

ஜன்னலோர இருக்கை கிடைத்துவிட்டால் போதும் என்று நினைப்பது, இமயத்தைப் பொறுத்தவரை, பாதி வேலையோடு நிறுத்திவிடுவது. பக்கம், இறக்கை, ஜன்னல் அமைந்திருக்கும் இடம், வெயில், பருவம் ஆகிய ஐந்தையும் பார்க்க வேண்டும்; அவற்றுள் பக்கம் தவறினால் மற்ற நான்கும் சரியாக இருந்தும் பயனில்லை. இந்த ஐந்தையும் டிக்கெட் வாங்குவதற்கு முன்பே, வீட்டில் உட்கார்ந்து, அரை மணி நேரத்தில் கணக்கிட்டுவிடலாம்.

முதல் படி: மலை பக்கத்தில் வருமா, காலடியில் வருமா?

இருக்கை வரைபடத்தைத் திறப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். டெல்லி–குவாஹாட்டி, டெல்லி–காத்மாண்டு, காத்மாண்டு–பாரோ (பூடான்) போன்ற வழிகளில் விமானம் மலைத்தொடருக்கு இணையாக, அதன் தெற்கே பறக்கிறது. மலைகள் ஒரு பக்கத்தில் மட்டுமே, பல பத்து கிலோமீட்டர் தொலைவில், கிட்டத்தட்டக் கண்மட்டத்தில் தெரியும். இங்கே பக்கத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் எல்லாம்.

டெல்லி–லே (லடாக்) வழி வேறு வகை. அங்கே விமானம் மலைத்தொடரைக் குறுக்கே கடக்கிறது. இமாச்சலத்தின் பனிமுகடுகளும் சன்ஸ்கார் மலைகளும் பனியாறுகளும் நேரே காலடியில் விரிகின்றன. எந்தப் பக்கம் அமர்ந்தாலும் மலை உண்டு. ஆனால் பார்வை கீழ்நோக்கிச் செல்வதால் இறக்கை மறைக்காத இருக்கை இங்கே மிக முக்கியமாகிறது.

மூன்றாவதாக ஒரு வகையும் இருக்கிறது. அதுதான் பலரை ஏமாற்றுகிறது. கொல்கத்தாவிலிருந்து வடக்கு வங்காளத்தின் பாக்டோக்ராவுக்குச் செல்லும் விமானம் ஏறத்தாழ நேர் வடக்கே பறக்கிறது. கஞ்சன்ஜங்கா சிகரமும் பாக்டோக்ராவுக்கு வடக்கே, சற்றே மேற்குத் தள்ளி நிற்கிறது. அதாவது மலை விமானத்தின் மூக்குக்கு நேர் எதிரே இருக்கிறது. விமானிகளுக்கு அது அற்புதமான காட்சி, பயணிகளுக்கோ விமானம் திரும்பும்போது மட்டும் ஒரு கணம் கிடைக்கும். சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் போன்ற தெற்கு நகரங்களிலிருந்து பாக்டோக்ரா செல்பவர்கள் வடகிழக்கு நோக்கிப் பறப்பதால், அவர்களுக்கு மலை இடது முன்புறத்தில் அமைகிறது. இடப்பக்கத்தை எடுப்பதே நல்லது.

இரண்டாம் படி: வரைபடத்தில் கோடு போட்டுப் பக்கத்தைக் கண்டுபிடிப்பது

கைபேசி வரைபடத்தில் புறப்படும் ஊரையும் சேரும் ஊரையும் ஒரு நேர்கோட்டால் இணையுங்கள். வரைபடத்தைத் திருப்பி, சேரும் ஊர் மேலே வருமாறு வையுங்கள். இப்போது கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பதெல்லாம் ‘ஏ’ இருக்கைகளின் பக்கம். வலப்பக்கம் இருப்பதெல்லாம், ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற மூன்று மூன்று இருக்கை கொண்ட விமானங்களில், ‘எஃப்’ இருக்கைகளின் பக்கம். இரண்டு நடைபாதை கொண்ட பெரிய விமானங்களில் வலது ஜன்னல் பெரும்பாலும் ‘கே’ என்று வரும். திரும்பி வரும்போது பக்கம் மாறும் என்பதை நினைவில் வையுங்கள். போக ‘ஏ’ எடுத்தவர்கள் வர ‘எஃப்’ எடுக்க வேண்டும். இரு வழிக்கும் ஒரே எண்ணைப் பழக்கத்தில் தேர்ந்தெடுத்து ஏமாந்தவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன்.

இந்த முறையில் கிடைக்கும் விடைகள் இவை. டெல்லியிலிருந்து காத்மாண்டு, குவாஹாட்டி, பாரோ ஆகிய மூன்றுக்கும் இடப்பக்கம். காத்மாண்டுவிலிருந்து பாரோவுக்கும் இடப்பக்கமே. இவை எல்லாவற்றுக்கும் திரும்பும் வழியில் வலப்பக்கம். டெல்லியிலிருந்து லேவுக்கு இரு பக்கமும் மலைதான் என்றாலும் என் தேர்வு இடப்பக்கம். 7,135 மீட்டர் உயரமுள்ள நுன் சிகரமும் அதன் இணையான குன்னும் அந்தப் பக்கம்தான் வருகின்றன, காற்று மிகத் தெளிவாக இருந்தால் வடமேற்கில் காரகோரத்தின் சிகரங்களும் தொலைவில் தெரியும். வலப்பக்கத்தில் அமர்பவர்களுக்கு, பாதையைப் பொறுத்து, த்சோ மோரிரி ஏரியின் நீலம் கிடைக்கலாம்.

நேர்கோடு ஒரு தொடக்கம் மட்டுமே. விமானங்கள் வானிலைக்கும் வான்வழிக் கட்டுப்பாட்டுக்கும் ஏற்ப வளைந்து பறக்கின்றன. ஆகவே விமானங்களின் பாதையைக் காட்டும் ஃப்ளைட்ரேடார்24 போன்ற தளத்தில் உங்கள் விமான எண்ணைத் தந்து, கடந்த சில நாட்களில் அது எந்த வழியில் பறந்தது என்று பாருங்கள். நான்கு நாட்களில் நான்கு முறையும் ஒரே வழியென்றால் நம்பிக்கையோடு இருக்கையை எடுக்கலாம்.

காத்மாண்டுவுக்கு ஒரு தனிக் குறிப்பு. அந்த விமான நிலையத்தில் ஒரே ஓடுபாதைதான். நெரிசலான நேரங்களில் விமானங்கள் இறங்குவதற்கு முன் வானில் வட்டமடித்துக் காத்திருக்கும். அப்போது மலைகள் இரு பக்கத்துக்கும் மாறி மாறி வரும். வலப்பக்கத்தில் மாட்டிக்கொண்டவர்கள் அந்த நேரத்தில் தூங்கிவிடாமல் இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: இறக்கை, என்ஜின், வரிசை எண்

ஏ320 வகையில் ஏறத்தாழ 10 முதல் 20 வரையிலான வரிசைகள் இறக்கையின் மேல் அமைகின்றன. நிறுவனத்துக்கு நிறுவனம் இது ஓரிரு வரிசை மாறும். தரையைப் பார்க்க இந்த இருக்கைகள் உதவாது என்பது எல்லோருக்கும் தெரியும். தொலைவிலுள்ள மலையைப் பார்க்கவும் இவை தடைதான், ஏனெனில் பறக்கும்போது இறக்கையின் நுனி மேல்நோக்கி வளைகிறது. அதன் முனையில் செங்குத்தாக நிற்கும் சிறகு, மலைகள் தெரிய வேண்டிய அதே கண்மட்டத்தில் வந்து நிற்கிறது.

இறக்கைக்கு முன்னால் உள்ள 3 முதல் 8 வரையிலான வரிசைகளே என் முதல் தேர்வு. பின்னால் 23-க்கு மேல் உள்ளவை இரண்டாவது. பின்வரிசைகளுக்கு ஒரு குறை உண்டு: என்ஜினிலிருந்து வெளியேறும் சூடான காற்று அந்தப் பக்கம் ஓடுவதால், கீழ்நோக்கிப் பார்க்கும்போது, கோடையில் தார்ச்சாலைக்கு மேல் காற்று நெளிவதைப் போல, காட்சி கலங்கும். லே போகும் வழியில் இது கண்ணை உறுத்தும். குவாஹாட்டி வழியில் பார்வை கிடைமட்டமாகச் செல்வதால், என்ஜினின் வெப்பம் அதைப் பெரிதாகத் தொடுவதில்லை. முன்வரிசைக்குப் பணம் தர மனமில்லாதவர்கள் அங்கே தயங்காமல் பின்வரிசையை எடுக்கலாம்.

நேபாளத்தின் உள்நாட்டு வழிகளில் ஏடிஆர் 72 விமானங்கள் பறக்கின்றன. அதன் இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழ்க்காட்சிக்குத் தடையில்லை; சுழலிகளும் என்ஜினும் மட்டுமே முன்பகுதியில் மறைக்கும். எனவே அதில் பின்பாதியே நல்லது. காத்மாண்டுவிலிருந்து காலையில் கிளம்பி எவரெஸ்ட் வரை சென்று திரும்பும் மலைக்காட்சிப் பறப்புகள் ஒரு மணி நேரம் நீடிக்கும். போகும்போது இடப்பக்கத்துக்கும் வரும்போது வலப்பக்கத்துக்கும் மலை கிடைப்பதால் அங்கே பக்கத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஏடிஆர் 25,000 அடிக்கு மேல் ஏறாது என்பதால் 8,000 மீட்டர் சிகரங்கள் உங்கள் கண்ணைவிட உயரத்தில் நிற்கும். பெரிய ஜெட் விமானம் தராத அனுபவம் அது.

நான்காம் படி: இருக்கைக்கு ஜன்னல் உண்மையிலேயே இருக்கிறதா?

இதை ஒருவரும் சொல்வதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஏ320-இன் ஜன்னல்கள் விமான உடலின் சட்டங்களுக்கு இடையில், 21 அங்குலத்துக்கு ஒன்றாக அமைந்தவை. இருக்கை வரிசைகளின் இடைவெளியோ நிறுவனம் முடிவு செய்வது. குறைந்த கட்டண நிறுவனங்களில் அது 28 அங்குலம் முதல் 30 அங்குலம் வரை இருக்கும். 28 அங்குலம் என்றால் மூன்று வரிசைகளுக்கு நான்கு ஜன்னல்கள் வருகின்றன. ஆகையால் ஒரு வரிசைக்கு ஜன்னல் முகத்துக்கு நேரே அமையும், அடுத்த வரிசைக்குத் தோளுக்குப் பின்னால் போகும், அதற்கடுத்ததற்கு முன் இருக்கையின் முதுகோடு ஒட்டி நிற்கும். பிறகு மறுபடியும் அதே ஒழுங்கு. ஜன்னலோர இருக்கைக்குப் பணம் தந்தும் கழுத்தைத் திருகிக்கொண்டு பார்க்க நேர்வதற்குக் காரணம் இதுவே.

போயிங் 737 வகையில் இறக்கைக்குச் சற்று முன்னால், குளிர்காற்றுக் குழாய் சுவருக்குள் ஏறும் இடத்தில், ஜன்னலே இல்லாத இருக்கையும் உண்டு. நிறுவனங்களின் இருக்கை வரைபடங்கள் இவற்றைக் காட்டுவதில்லை. பயணிகள் தாம் அமர்ந்த இருக்கையிலிருந்து எடுத்துப் பதிவிடும் படங்களே நம்பகமான சான்று. உங்கள் விமான நிறுவனத்தின் பெயர், விமான வகை, வரிசை எண் மூன்றையும் சேர்த்துத் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். வரிசை எண்ணைத் தீர்மானிக்க முடியாதபோது, முன்புறம் சற்றே நகர்ந்த ஜன்னல், பின்புறம் நகர்ந்த ஜன்னலைவிடப் பல மடங்கு நல்லது. வரப்போகும் மலையை அது முன்கூட்டியே காட்டும்.

ஐந்தாம் படி: வெயிலும் பருவமும்

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை சூரியன் தெற்கே சாய்ந்தே நகர்கிறது. கிழக்கு நோக்கிச் செல்லும் விமானத்தில் வடபுற ஜன்னலான ‘ஏ’ பக்கம் அந்த மாதங்களில் வெயில் நேரே விழுவதில்லை. நம் முதுகுக்குப் பின்னாலிருந்து சூரியன் மலைகளின் தெற்கு முகத்துக்கு ஒளி தருகிறது. இமயத்தை இந்தியப் பக்கத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு இயற்கையே தந்த வசதி இது. காலை ஒளி பக்கவாட்டில் விழுந்து மடிப்புகளுக்கு நிழல் தருவதால் மலையின் உருவம் நன்றாகத் தெரியும். நண்பகலில் எல்லாம் தட்டையாகத் தோன்றும். மாலையில் குவாஹாட்டியிலிருந்து டெல்லிக்குத் திரும்பும் விமானத்தில் வலப்பக்கம் அமர்ந்தால், பனி முதலில் மஞ்சளாகி, பிறகு செம்மை ஏறி, கடைசியில் நீலத்தில் கரைவதைப் பார்க்கலாம்.

லே விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே பறக்கின்றன, ஏனெனில் பிற்பகலில் அந்தப் பள்ளத்தாக்கில் காற்று வலுக்கிறது. வடக்கு நோக்கிப் போகும்போது காலை வெயில் வலப்பக்க ஜன்னலில் நேரே அடித்துக் கண்ணைக் கூசச் செய்யும். இடப்பக்கத்தில் வெயில் மலைகளின் மேல் விழும். கீழே மேகம் இருந்தால், இடப்பக்கத்தில் இருப்பவர்களுக்கு விமானத்தின் நிழலும் அதைச் சுற்றி ஒரு வட்ட வானவில்லும் கூடக் கிடைக்கலாம்.

பருவத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மழைக்காலம் முடிந்து காற்று கழுவப்பட்டிருக்கும் அக்டோபரும் நவம்பரும் மிகச் சிறந்தவை. டிசம்பர், ஜனவரியில் மலைகள் தெளிவாக இருக்கும், ஆனால் டெல்லியிலும் காத்மாண்டுவிலும் காலை மூடுபனியால் விமானங்கள் தாமதமாகும். மார்ச் முதல் மே வரை தூசும் காட்டுத்தீப் புகையும் மலையடிவாரத்தை மறைக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மலைக்காட்சிக்காக இருக்கைக்குக் கூடுதல் பணம் தர வேண்டாம்.

ஆறாம் படி: எப்போது, எங்கே பார்ப்பது?

சரியான இருக்கையில் அமர்ந்தும் எவரெஸ்ட்டைத் தவறவிடுபவர்கள் பலர். காரணம், மிகப் பெரிதாக ஒன்றை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். விமானம் 35,000 அடியில், அதாவது ஏறத்தாழ 10.7 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது, 8,848.86 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்ட் குவாஹாட்டி வழியிலிருந்து 150 கிலோமீட்டருக்கும் குறையாத தொலைவில் இருக்கும். அந்தத் தொலைவில், அடிவானத்துக்கு மேல் அது எழும்பி நிற்கும் உயரம், கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரலின் அகலம் அளவே. கண்மட்டத்துக்குச் சற்றே கீழே, மூட்டத்தின் விளிம்புக்கு மேலே, வெள்ளைப் பற்களை வரிசையாக அடுக்கியதைப் போல் தெரியும். முதலில் மேகம் என்றே நினைப்பீர்கள். இரண்டு நிமிடம் கண்ணை எடுக்காமல் பாருங்கள்: மேகத்தின் விளிம்பு குழைந்து மாறும், மலையின் விளிம்பு மாறாது, அதன் நிழல் மடிப்புகள் நீலச் சாம்பலாக நிற்கும்.

நேரத்தையும் கணக்கிடலாம். டெல்லியிலிருந்து குவாஹாட்டி செல்லும் தொலைவில் மூன்றில் இரண்டு பங்கு கழிந்ததும் எவரெஸ்ட் ஜன்னலுக்கு நேரே வருகிறது. நான்கில் மூன்று பங்கில் கஞ்சன்ஜங்கா. விமானம் நிமிடத்துக்கு 14 கிலோமீட்டர் போகிறது, இரண்டு சிகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 125 கிலோமீட்டர்; ஆக ஒன்றைப் பார்த்து முடித்த ஒன்பது நிமிடத்தில் மற்றொன்று வரும். வரைபடத்தை முன்கூட்டியே கைபேசியில் பதிவிறக்கி வைத்தால், அதை ஏரோபிளேன் மோடில் வைத்திருந்தாலும் ஜன்னலோரத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யும். நீலப் புள்ளி எந்தச் சிகரத்துக்கு நேராக நகர்கிறது என்று பார்த்துக்கொண்டே வரலாம்.

காத்மாண்டு வழியில் வரிசை வேறு. தொலைவில் நந்தா தேவி, பிறகு தவளகிரி, அன்னபூர்ணா, மனாஸ்லு என மேற்கிலிருந்து கிழக்காக வரும். தவளகிரிக்கும் அன்னபூர்ணாவுக்கும் இடையே ஒரு பெரிய பிளவு தெரியும். அதுதான் காளி கண்டகி ஆற்றின் பள்ளத்தாக்கு. இரு பக்கமும் 8,000 மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் நிற்க, நடுவே ஓர் ஆறு மலைத்தொடரையே அறுத்துக்கொண்டு இறங்குகிறது. எனக்கு எவரெஸ்ட்டைவிட அந்த இடமே பிடிக்கும்.

எவரெஸ்ட்டை அடையாளம் காண அதன் நிறம் உதவும். தெற்கிலிருந்து பார்க்கும்போது அது நுப்சே–லோட்சே என்னும் நீண்ட பனிச்சுவரின் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் கருத்த முக்கோணம். பலத்த காற்று அதன் உச்சிப் பனியைத் துடைத்துவிடுவதால் சுற்றியுள்ள சிகரங்களைவிட வெளுப்புக் குறைவாக இருக்கும். மேற்குக் காற்று வீசும் நாட்களில் உச்சியிலிருந்து பனித்தூள் வலப்பக்கமாக, கொடியைப் போல, நீண்டு பறக்கும். அதற்கு வலப்புறம் தனியாக, கம்பீரமாக நிற்பது மகாலு. அதையே எவரெஸ்ட் என்று நினைத்துப் படமெடுத்துத் திருப்தியடைபவர்கள் பலர். கஞ்சன்ஜங்காவுக்கு இந்தக் குழப்பம் இல்லை: ஐந்து உச்சிகளைக் கொண்ட அகன்ற பனிக்கோட்டையாக, அக்கம்பக்கத்தில் போட்டியின்றி நிற்கும்.

படமெடுக்க நினைப்பவர்களுக்கு

கைபேசியைக் கண்ணாடிக்கு மிக அருகில், ஆனால் தொடாமல் பிடியுங்கள். தொட்டால் விமானத்தின் அதிர்வு படத்தில் ஏறும். கருநிறத் துப்பட்டாவோ சட்டையோ கொண்டு கைபேசியைச் சுற்றி மறைத்தால் உள்ளிருக்கும் விளக்குகளின் பிரதிபலிப்பு விழாது. ஜன்னலின் கீழ்ப்பகுதியில் ஒரு சிறு துளை இருக்கும். அதைச் சுற்றி உறைபனிப் பூக்கள் படரும் என்பதால் மேல்பாதி வழியாக எடுங்கள். திரையில் மலையைத் தொட்டுக் குவியத்தை அங்கே நிறுத்தி, வெளிச்ச அளவைச் சற்றே குறைத்தால் பனியின் மடிப்புகள் வெளுத்துப் போகாமல் கிடைக்கும். கேமராவில் போலரைசர் வடிகட்டி மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள்; ஜன்னலின் பிளாஸ்டிக் அதனோடு சேர்ந்து வானவில் நிறப் பட்டைகளைக் காட்டும்.

லே, பாக்டோக்ரா ஆகிய இரண்டும் இந்திய விமானப் படையின் தளங்களோடு இணைந்தவை. அங்கே தரையிலும் ஏறி இறங்கும்போதும் படமெடுக்கக் கூடாது. ஜன்னல் மறைப்பை இறக்கச் சொன்னால் இறக்கிவிட வேண்டும். மலைகள் வரும் நேரம் அதற்குள் போய்விடுமோ என்று பதற வேண்டியதில்லை. பாக்டோக்ராவிலிருந்து டெல்லிக்குக் கிளம்புபவர்கள் மறைப்பைத் திறக்கும்போதும், எஃப் பக்கத்து ஜன்னலில் கஞ்சன்ஜங்கா அங்கேயேதான் நின்றுகொண்டிருக்கும்.